இறந்த தங்கை பேசும்போது டன்ஜன் மாஸ்டர் எங்கே பார்ப்பான்? (‘ஷி கில்ஸ் மான்ஸ்டர்ஸ்’ ஒத்திகைச் சந்தேகம்)

கேட்டவர்: கொலம்பஸ் பக்கத்து ஆள்

வணக்கம் நண்பர்களே. ஒஹாயோவில், கொலம்பஸுக்கு வெளியே ஒரு சிற்றூரில் இருக்கிறேன். இங்கே சம்பளம் இல்லாதவர்கள் சேர்ந்து நடத்தும் நாடகக் குழு ஒன்று உண்டு. பகலில் ஒருவர் பல் மருத்துவர், ஒருவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார், நான் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியின் பழைய மென்பொருளைக் கட்டி மேய்க்கிறேன். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் எல்லோரும் நடிகர்கள். டிக்கெட் காசு அரங்க வாடகைக்கும் உரிமைத் தொகைக்கும் சரியாகப் போய்விடும்; மிஞ்சினால் கடைசி நாள் பீட்சா.

இந்த முறை எடுத்திருப்பது குயி நுயெனின் ‘ஷி கில்ஸ் மான்ஸ்டர்ஸ்’. 2011ல் நியூயார்க்கின் ஃப்ளீ தியேட்டரில் முதலில் மேடையேறியது. இப்போது அமெரிக்கப் பள்ளிகளில் மிக அதிகமாகப் போடப்படும் நாடகங்களில் ஒன்று. எனக்குச் சக் வேடம்.

கதை தெரியாதவர்களுக்கு: 1995, ஒஹாயோவின் ஏதென்ஸ் நகரம். ஆக்னஸ் ஒரு பள்ளி ஆசிரியை. ரொம்பச் சாதாரணமான பெண் என்றுதான் நாடகமே அவளை அறிமுகப்படுத்துகிறது. பெற்றோரும் தங்கை டிலியும் ஒரு கார் விபத்தில் போய்விட்டார்கள். தங்கையின் பொருள்களுக்கு நடுவே ஒரு நோட்டுப் புத்தகம் கிடைக்கிறது. அது டைரி அல்ல. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதை நடத்தும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்துக்காக டிலி தானே எழுதிய ஒரு சாகசம். அந்த ஆட்டம் ஆக்னஸுக்குத் தெரியாது. உயிரோடு இருந்தபோது தங்கையையும் அவ்வளவாகத் தெரியாது. அதனால் ஆட்டத்தை நடத்துபவனான, அதாவது டன்ஜன் மாஸ்டரான, சக் என்ற பையனைப் பிடித்து, இதை எனக்கு ஆட வை என்கிறாள். ஆட்டத்துக்குள் நுழைந்தால் அங்கே கவசமும் வாளுமாகத் தங்கை நிற்கிறாள், பாலடின் (புனித வீரர்) டிலியஸ் என்ற பெயரில். அரக்க ராணி லிலித், எல்ஃப் பெண் கலையோப்பி, அரக்கன் ஓர்கஸ், கடைசியில் ஐந்து தலை டிராகன் டியாமாட். நடுநடுவே நல்ல சிரிப்பு.

இப்போது என் சந்தேகம். மேடையின் வலது ஓரத்தில் எனக்கு ஒரு மேஜை, ஒரு தடுப்பு அட்டை, பகடைகள். நடு மேடையில் ஆட்ட உலகம். டிலி பேசத் தொடங்கியதும் என் மேல் வெளிச்சத்தைக் குறைத்துவிடலாம், நான் அசையாமல் உட்கார்ந்தால் போதும் என்கிறார் இயக்குநர். சக் சிரிப்புக்கு உள்ள ஆள், சோகம் அக்கா தங்கைக்கு உள்ளது என்பது அவர் கணக்கு.

எனக்கு அது உட்காரவில்லை. கதைப்படி அந்த அறையில் இருப்பது ஆக்னஸும் சக்கும்தானே? டிலி இல்லை, செத்துவிட்டாள். அப்படியானால் டிலி பேசும் ஒவ்வொரு சொல்லும் சக்கின் வாயிலிருந்து வருவதுதானே? நீ நிஜ டிலி இல்லை என்று ஆக்னஸ் வெடிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கே அவள் கத்துவது யாரைப் பார்த்து? நான் அப்போது பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தால் அபத்தமாக இருக்காதா?

இந்த ஆட்டத்தை நான் ஆடியதே இல்லை, இயக்குநரும் ஆடியதில்லை. ஆடியவர்கள், இந்த நாடகத்தில் வேலை செய்தவர்கள் யாராவது சொல்லுங்கள். தஞ்சாவூரிலிருந்து அம்மாவும் அப்பாவும் வருகிறார்கள். எல்லாரும் கத்திச்சண்டை போடுகிறார்கள், நீ மட்டும் ஏன்டா ஓரமாகக் கணக்குப்பிள்ளை போல உட்கார்ந்திருக்கிறாய் என்று அம்மா கேட்கப்போவது உறுதி. அவருக்குச் சொல்லவாவது ஒரு பதில் வேண்டும்.

பதில்: இருபது முகம்

தம்பி, உங்கள் சந்தேகம் சரி. இயக்குநர் சொல்வதை அப்படியே செய்தால் நாடகத்தில் பாதி போய்விடும்.

நான் இண்டியானாபொலிஸ்காரன். 1990களின் தொடக்கத்தில் படிக்க வந்தபோது ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. அன்று முதல் இன்று வரை பெரும்பாலும் டன்ஜன் மாஸ்டர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் சக் ஆடியது எங்கள் காலத்து ஆட்டம், 1989ல் வந்த இரண்டாம் பதிப்பு.

டன்ஜன் மாஸ்டர் என்பவன் கதைசொல்லி, நடுவர், எதிரி மூன்றும். ஆட்டக்காரர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம் எடுத்துக்கொள்வார்கள். மீதி உலகம் முழுக்க அவன் பொறுப்பு: கள்ளுக்கடைக்காரன், பூதம், மழை, கதவின் பூட்டு. ஆட்டக்காரர் என்ன செய்கிறேன் என்று சொன்னாலும், வேண்டிய இடத்தில் பகடையை உருட்டச் சொல்லி, விளைவைச் சொல்ல வேண்டும். மேஜையில் இருக்கும் தடுப்பு அலங்காரத்துக்கு அல்ல. அதற்குப் பின்னால்தான் குறிப்பும் வரைபடமும் மறைவாக உருட்டும் பகடையும் இருக்கும். தடுப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியாத ஒன்று இவனுக்கு எப்போதும் தெரியும். சக்கின் வேடமே அந்தத் தடுப்பில்தான் இருக்கிறது என்பேன்.

எழுதி வைத்த சாகசத்தை மாட்யூல் என்போம். அச்சில் வரும் மாட்யூல்களில் இரண்டு வகை எழுத்து இருக்கும். ஒன்று கட்டம் போட்டது. அதை மாஸ்டர் உரக்கப் படிக்க வேண்டும். மற்றது மாஸ்டர் கண்ணுக்கு மட்டும்: இந்தக் கதவுக்குப் பின்னால் யார், இவள் உண்மையில் யார், இப்படிக் கேட்டால் இப்படிப் பொய் சொல்லு. டிலி எழுதியதும் மாட்யூல்தான். ஆக, ஸ்கிரிப்டை எடுத்து டிலியின் ஒவ்வொரு வசனத்துக்குப் பக்கத்திலும் பென்சிலால் குறியுங்கள். இது டிலி உரக்கப் படிக்கவென்றே எழுதியதா? மாஸ்டருக்கு மட்டும் எழுதியதைச் சக் இப்போது கொஞ்சமாக அவிழ்க்கிறானா? இல்லை, டிலி எதிர்பார்க்காத ஒன்றை அக்கா கேட்டுவிட்டதால் சக் அந்த நேரத்தில் சமாளிக்கிறானா?

மூன்றாவது வகைதான் பயங்கரம். அங்கே பேசுவது டிலி அல்ல. பள்ளிக்கூடம் முடிக்காத ஒரு பையன், செத்துப்போன பெண்ணின் பெயரில் அவள் அக்காவிடம் பேசுகிறான். அவனுக்கு அது தெரியும். உங்கள் முகத்தில் அது தெரிய வேண்டாமா?

இரண்டாவது வகையையும் விடாதீர்கள். தங்கை யாரைக் காதலித்தாள், பள்ளியில் அவளை யார் படுத்தினார்கள் என்பதெல்லாம் ஆக்னஸுக்கு ஆட்டம் போகப்போகத்தான் தெரிகிறது. ஆனால் மாஸ்டர் என்பவன் நோட்டை முன்கூட்டியே கடைசிப் பக்கம் வரை படித்திருப்பான். படிக்காமல் நடத்த முடியாது. அந்த இடங்களில் அவன் ஒரு பெண்ணின் ரகசியத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

எங்கள் மேஜையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்களோடு ஆடிய ஒருவர் கல்லீரல் புற்றுநோயில் இறந்தார். அவருடைய பாத்திரம் ஒரு குள்ள இனத்துப் பூசாரி. கரகரத்த குரல், எதற்கெடுத்தாலும் பீர் கேட்பான். கதை பாதியில் நின்றது. மற்றவர்கள் கேட்டுக்கொண்டதால், ஒரே ஒரு நாள் அந்தப் பூசாரியை நான் பேசவைத்தேன், அதே கரகரப்போடு. இரண்டு வாக்கியம் போயிருக்கும். ஒருவர் எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். யாரும் அவர் பின்னால் போகவில்லை. அப்புறம் எல்லோரும் பேசி முடிவெடுத்தோம்: பூசாரி தன் மலைக்குத் திரும்பிவிட்டான், இனிமேல் கடிதம் மட்டும் வரும். இன்றும் அந்த மேஜைக்கு எப்போதாவது கடிதம் வரும். நான் என் சொந்தக் குரலில் படிப்பேன். அந்தக் கரகரப்பை யாரும் தொடுவதில்லை.

அதனால் சொல்கிறேன்: சக் டிலியின் குரலை நடித்துக் காட்டுபவனாக இருக்க வேண்டாம். அவன் வாசிக்கிறான், குரலை ஆக்னஸ்தான் கேட்கிறாள். முதல் முறை டிலி தோன்றும்போது மட்டும் உங்கள் உதடும் அவள் உதடும் சேர்ந்து அசையட்டும். பாதி வாக்கியத்தில் நீங்கள் நிறுத்துங்கள், அவள் தொடரட்டும். பார்ப்பவர்களுக்கு அதுவே போதும். பிறகு நாடகம் முழுக்க உங்கள் வாய் மூடியிருந்தாலும் அவர்கள் மறக்கமாட்டார்கள்.

1995 பற்றிக் கொஞ்சம், உங்கள் சக் பந்தா காட்டுவதற்கு உதவும். ஆட்டம் பிறந்தது 1974ல். விஸ்கான்சினின் லேக் ஜெனீவாவில் இருந்த கேரி கைகாக்ஸும் மினசோட்டாவின் டேவ் ஆர்னெசனும் செய்தது. 1979ல் மிச்சிகனில் ஒரு கல்லூரி மாணவர் காணாமல் போனபோது இந்த ஆட்டம்தான் காரணம் என்று பத்திரிகைகள் ஊதிவிட்டன. காரணம் அது இல்லை. ஆனால் 1980கள் முழுக்க இது சாத்தான் வேலை என்று பெற்றோர்கள் இயக்கமே நடத்தினார்கள். அந்தத் தொல்லை தாங்காமல் இரண்டாம் பதிப்பில் டீமன், டெவில் என்ற சொற்களையே எடுத்துவிட்டு வாயில் நுழையாத பெயர்களை வைத்தார்கள். டிலியின் நோட்டில் அரக்க ராணியும் ஓர்கஸும் இருக்கிறார்களே, அந்தக் காலத்துக்கு அது சின்னத் துணிச்சல். பெற்றோரிடம் காட்டாமல் ஒளித்துவைக்க ஒரு காரணமும்கூட.

பதிப்பு விவரம் ஒன்று: இரண்டாம் பதிப்பில் தாக்கும்போது இருபது முகப் பகடையில் 20 விழுந்தால் கொண்டாட்டம். ஆனால் பலம், சாமர்த்தியம் போன்ற திறன் சோதனைகளில் உங்கள் பாத்திரத்தின் திறன் எண்ணோ அதற்குக் கீழோ விழ வேண்டும், அங்கே 20 என்றால் தோல்வி. கவச எண்ணும் குறையக் குறையத்தான் நல்லது. இப்போதைய ஐந்தாம் பதிப்புப் பழக்கத்தில் யாராவது மேஜையில் அமர்ந்தால் கை தப்பாகப் போகும். கூட்டத்தில் என்னைப் போல ஒரு கிழவன் இருந்தால் முணுமுணுப்பான், அவ்வளவுதான்.

இதெல்லாம் படித்தால் வராது. நடிகர்கள் எல்லோரையும் உட்காரவைத்து ஒரு சாயங்காலம் நீங்களே மாஸ்டராக ஆட்டம் நடத்துங்கள்.

பதில்: இருட்டில் நிற்பவள்

இந்த நாடகத்துக்கு ஸ்டேஜ் மேனேஜராக இருந்திருக்கிறேன், நியூ ஜெர்சியில், உங்களுடையதைப் போலவே ஒரு குழு. மேலே உள்ளவர் எழுதியது அழகாக இருக்கிறது, பென்சில் குறி யோசனை தங்கம். ஆனால் அவர் மேஜையில் உட்கார்ந்து பார்க்கிறார். நான் அரங்கின் கடைசி வரிசையிலிருந்து பார்த்துச் சொல்கிறேன்.

முதல் விஷயம், உதடு. ஒரே ஒரு முறை என்றால் சரி. அதற்கு மேல் வேண்டவே வேண்டாம். மேடையில் எது அசைகிறதோ அதைத்தான் கண் பார்க்கும். அக்காவும் தங்கையும் பேசும்போது நீங்கள் ஓரத்தில் உணர்ச்சியோடு மூக்கை உறிஞ்சினால்கூட அவர்கள் காட்சியைத் திருடிவிடுவீர்கள். அந்தப் பெண்கள் உங்களை மன்னிக்கமாட்டார்கள், நியாயம்தான். பார்வையை மட்டும் மாற்றுங்கள், தலையைக்கூட வேண்டாம். சின்ன அரங்கில் அது தெரியும்.

வெளிச்சத்தை முழுக்க எடுத்துவிடாதீர்கள் என்று இயக்குநரிடம் கேளுங்கள். மேஜை மேல் ஒரு சின்ன விளக்கு, பழைய பித்தளை விளக்கோ வாசிப்பு விளக்கோ, நாடகம் முழுக்க எரியட்டும். நாங்கள் அப்படித்தான் செய்தோம். பார்ப்பவர்கள் அந்த மேஜையை மறப்பார்கள், வேண்டும்போது நினைத்துக்கொள்வார்கள். சண்டை வரும்போது அந்த மேஜை குறுக்கே நிற்காதா என்று முதல் நாளே தரையில் டேப் ஒட்டிப் பாருங்கள். எங்கள் டியாமாட்டின் பச்சைத் தலை ஒத்திகை தவறாமல் சக்கின் காபிக் குவளையைத் தட்டிவிட்டது.

டியாமாட் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் கேட்கப்போகிறீர்கள். ஐந்து தலைக்கு ஐந்து நிறம்: சிவப்பு நெருப்பு, நீலம் மின்னல், பச்சை விஷப்புகை, கறுப்பு அமிலம், வெள்ளை பனி. ஆட்டம் தெரிந்தவர்கள் இந்த நிறங்களைத் தேடுவார்கள். ஒரே பெரிய உடல் செய்து தள்ளுவண்டியில் கொண்டுவரலாம் என்று யாராவது தச்சு வேலைப் பிரியர் சொல்வார். கேட்காதீர்கள், உங்கள் பக்கவாட்டு வழியில் நுழையாது. பிவிசி குழாய்க் கழுத்து, ஃபோம் ஷீட் தலை, ஆளுக்கு ஒரு தலை, கறுப்பு உடை. முந்தின காட்சியில் செத்த பூதங்கள் எல்லாம் ஓடிவந்து ஆளுக்கொரு கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். தலையை மூக்கில் கனமாகச் செய்யாதீர்கள். குழாயின் நுனியில் கனம் இருந்தால் ஒரு நிமிடத்தில் தோள் கழன்றுவிடும். காண்டாக்ட் சிமெண்ட் பசை ஒட்டும்போது, நெடி போக, கராஜ் கதவு திறந்திருக்கட்டும்.

சண்டை. இந்த நாடகத்தை எழுதியவர் வாம்பயர் கவ்பாய்ஸ் என்ற நாடகக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர், மேடைச் சண்டைக்குப் பேர்போன குழு அது. எழுத்திலேயே சண்டை ஏராளம். ஒவ்வொரு காட்சி நாளும் திரை தூக்குவதற்கு முன் எல்லாச் சண்டையையும் ஒரு முறை மெதுவாகப் போட்டுப் பார்க்க வேண்டும். தாமதமாக வந்தேன், இன்று வேண்டாமே என்பவர் யாராக இருந்தாலும் வாளைக் கையில் கொடுக்காதீர்கள். பல் மருத்துவராக இருந்தாலும்.

வசனத்தை நீங்களாக மாற்றாதீர்கள், வெட்டாதீர்கள். மூலத்தில் கெட்ட வார்த்தை உண்டு, டிலியை வசைபாடும் சொற்களும் உண்டு. உங்கள் ஊருக்கு அதிகம் என்று தோன்றினால் பள்ளிகளுக்காக நுயெனே தந்த ‘யங் அட்வெஞ்சரர்ஸ்’ பதிப்பு தனியாக இருக்கிறது, அதற்கு உரிமை வாங்க வேண்டும். இருக்கிற பதிப்பில் நாமாகக் கத்திரி போட்டால் ஒப்பந்தத்தை மீறியதாகிவிடும்.

கடைசியாக, உங்கள் இயக்குநர் முழுக்கத் தவறில்லை. சக் சிரிக்க வைக்க வேண்டும். ஸ்டீவ் என்ற மந்திரவாதி வந்து வந்து சாகிற இடங்களில் கூட்டம் வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். நீங்கள் முதல் காட்சியிலிருந்தே துக்கம் விசாரிக்க வந்தவர் முகத்தோடு உட்கார்ந்தால், நாடகம் ஒன்றரை மணி நேர இரங்கல் கூட்டமாகிவிடும்.

பதில்: வேப்பமர நிழல்

தவறாக நினைக்க வேண்டாம். குடும்பமே விபத்தில் போன ஒரு பெண் பகடை உருட்டிப் பூதம் கொல்வது, அதைப் பார்த்து டிக்கெட் வாங்கியவர்கள் சிரிப்பது, எனக்கு ஒட்டவில்லை. துக்கத்துக்கு ஒரு மரியாதை உண்டு. இதை வயதான அப்பா அம்மாவுக்குக் காட்டுவது அவசியமா?

பதில்: இருபது முகம்

ஐயா, எங்கள் ஊர்ப் பக்கம் சாவு விழுந்த வீட்டு வாசலில், பிணம் உள்ளே கிடக்க, விடிய விடிய சீட்டுக்கட்டு நடக்கும். ஆடுபவர்களில் செத்தவரின் உடன்பிறந்தவரும் இருப்பார். யாரும் மரியாதைக் குறைவு என்று சொன்னதில்லை. தம்பியின் அப்பா அம்மா இதையெல்லாம் பார்த்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

அப்புறம், இந்த நாடகத்தில் ஆக்னஸ் பொழுதுபோக்க ஆடவில்லை. தங்கை விட்டுப்போனதில் அவளுக்குப் புரியாத ஒரே பொருள் அந்த நோட்டு. அதைப் புரிந்துகொள்ள உட்கார்ந்து ஆடுவதைத் தவிர வழியில்லை. வாசித்துப் பார்த்தால் அது வெறும் பூதப் பட்டியல்.

பதில்: வேப்பமர நிழல்

சீட்டுக்கட்டு உண்மைதான். எங்கள் பெரியப்பா சாவில் நானே ஆடியிருக்கிறேன். ஆனாலும் யாரும் டிக்கெட் விற்கவில்லை. நாடகம் பார்க்காமல் இதற்கு மேல் பேசுவது சரியில்லை, விட்டுவிடுகிறேன்.

கேட்டவர்: கொலம்பஸ் பக்கத்து ஆள்

எல்லோருக்கும் நன்றி. நடந்ததை எழுதுகிறேன்.

பல் மருத்துவரின் வீட்டு பேஸ்மென்டில் ஆட்டம் வைத்தோம். இருபது முகம் அண்ணன் சொன்னபடி மாஸ்டர் நான். எழுதிக்கொண்டு போனது நான்கு பக்கம்: ஒரு சத்திரம், ஒரு சுரங்கம், ஒரு பூதம். பேருந்து ஓட்டுபவர் (ஓர்கஸாக நடிப்பவர்) சுரங்கத்தின் முதல் பள்ளத்திலேயே விழுந்து செத்தார். பிறகு கோபித்துக்கொண்டு சிப்ஸ் தின்றபடி எல்லோருக்கும் தப்பான யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு வேண்டியது சத்திரத்தில் கிடைத்தது. சத்திரக்காரிக்கு நான் மூன்று வரிதான் எழுதியிருந்தேன். ஆக்னஸாக நடிக்கும் பெண் அவளிடம், இந்த ஊரில் பிறந்தவளா, ஏன் இன்னும் இங்கேயே இருக்கிறாய் என்று கேட்டுவிட்டாள். தாளில் பதில் இல்லை. கணவன் இங்கே புதைக்கப்பட்டிருக்கிறான், அதனால் போகவில்லை என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அப்போது என் கண் தாளில் இல்லை, தடுப்பில் இல்லை, நேராக அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்தது. அவள் நம்புகிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இதை நான் கவனிக்கவில்லை, டிலியாக நடிக்கும் பெண்தான் கவனித்துச் சொன்னாள். அவள் கல்லூரி மாணவி, எங்கள் எல்லோரையும் விடக் கூர்மையானவள்.

அதை வைத்தே பென்சில் குறிகளைப் பார்வையாக மாற்றிவிட்டோம். டிலி எழுதிய வசனம் என்றால் என் கண் நோட்டில். மறைத்து வைத்ததைச் சொல்லும்போது தடுப்பின் உள்பக்கம். சக் சொந்தமாகச் சமாளிக்கும்போது மட்டும் ஆக்னஸின் முகம். தலை அசைவதில்லை, இருட்டில் நிற்பவள் அக்கா சொன்னபடி கண் மட்டும். எது எந்த வகை என்பதில் எனக்கும் டிலிக்கும் பெரிய சண்டை. அவள் பாத்திரத்தின் வசனத்தில் முக்கால்வாசி நோட்டிலேயே இருந்தது என்கிறாள் அவள், பாதிக்கு மேல் சக்கின் கைவண்ணம் என்கிறேன் நான். ஆளுக்குத் தன் பாத்திரம் பெரிது! சில இடங்களில் முடிவே செய்யாமல் விட்டுவிட்டோம்.

அந்தக் கோபக் காட்சியில் ஆக்னஸ் டிலியைப் பார்த்துத்தான் கத்துகிறாள், ஸ்கிரிப்டில் உள்ளபடி. என் கண் நோட்டுக்குப் போகிறது, ஆனால் படிக்கவில்லை. பக்கத்தையும் புரட்டுவதில்லை. முதலில் நோட்டை மூடிவிடலாம் என்று நினைத்தேன். இயக்குநர் வேண்டாம் என்றார், மூடினால் அது ஒரு பெரிய செயலாகிவிடும், எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள் என்று. அவர் சொன்னது சரி. விளக்குக்கும் ஒத்துக்கொண்டார். உதடு விஷயம் ஒரே முறை, முதல் தோற்றத்தில்.

நான் எதிர்பார்க்காத இடம் ஒன்று. ஆட்டத்தில் வரும் ஆட்கள் நிஜத்தில் யார் என்று ஆக்னஸ் ஒவ்வொருவராகச் சந்திக்கிறாளே, அந்தக் காட்சிகள். துள்ளிப் பறந்து சண்டை போட்ட எல்ஃப் கலையோப்பி, நிஜத்தில் மாற்றுத்திறனாளிப் பெண். தைரியத்தின் மறுபெயரான லிலித், நிஜத்தில் தன் காதலை வெளியே சொல்லப் பயந்த ஒரு பள்ளி மாணவி. இவர்களெல்லாம் டிலியின் தோழிகள், அவள் போன துக்கம் இவர்களுக்கும் இருக்கிறது, ஆனால் யாரும் இவர்களிடம் போய்த் துக்கம் கேட்டிருக்கமாட்டார்கள். அக்காவுக்குத்தான் எல்லோரும் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள். நாங்கள் ஆடிய அன்றுவரை இதை யாரும் யோசிக்கவில்லை. லிலித்தாக நடிப்பவர் இப்போது அந்தக் காட்சியைப் பாதி குரலில்தான் பேசுகிறார், முன்பு அழுது தீர்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவோ தேவலை.

வேப்பமர நிழல் ஐயாவுக்கு: அப்பாவிடம் கதையைத் தொலைபேசியில் சொன்னேன். அந்த நோட்டை அந்தப் பெண் எரிக்காமல் வைத்திருந்தாளே, அதுவே பெரிது என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. அம்மாவின் கேள்வி நான் நினைத்தபடியே வந்தது. பேசுவது எல்லாமே நான்தான் அம்மா, உனக்குத்தான் கேட்காது என்றேன். வேலை அதிகமாகிவிட்டது, தூங்கு என்றார்.

இப்போது ஒரே ஒரு தொல்லை. பகடை. இருபது முகப் பகடையை உருட்டினால் மூன்றாவது வரிசைக்கு மேல் சத்தம் கேட்கவில்லை. ஸ்பீக்கரில் பதிவுசெய்த சத்தம் போடலாம் என்கிறார் ஒலி பார்ப்பவர். பதிவுச் சத்தம் என் கைக்கு முன்னாலோ பின்னாலோதான் வருகிறது, கேவலமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: இருட்டில் நிற்பவள்

பதிவுச் சத்தம் வேண்டாம். மேஜை மேல் ஏதாவது துணியோ ஃபெல்ட்டோ விரித்திருக்கிறீர்களா? முதலில் அதை எடுங்கள். வெறும் பலகை, அதுவும் அடியில் காலியாக உள்ள பெட்டி போன்ற மேஜை என்றால் நன்றாக முழங்கும். கீழ்ப்பக்கத்தில் பலகையின் அதிர்வைப் பிடிக்கும் ஒரு காண்டாக்ட் மைக் ஒட்டச் சொல்லுங்கள், ஒலி பார்ப்பவருக்குத் தெரிந்திருக்கும். அப்புறம், உருண்டு கீழே விழாமல் தடுப்புக்குள்ளேயே ஒரு விளிம்பு வைத்துக்கொள்ளுங்கள். சண்டைக் காட்சியில் தரையில் ஒரு பகடை கிடந்து அதன்மேல் யாராவது கால் வைத்தால் உங்கள் நாடகம் அன்றோடு முடிந்தது.

பதில்: இருபது முகம்

உலோகப் பகடை வாங்குங்கள், ஒன்று போதும். 1995ல் அநேகமாக எல்லோரிடமும் இருந்தது பிளாஸ்டிக்தான். ஆனால் தூரத்தில் தெரியாது. கறுப்பு நிறம் பூசியது கிடைக்கும். நான் டிக்கெட் எடுத்துவிட்டேன், இரண்டாம் சனிக்கிழமை. முணுமுணுக்கமாட்டேன்.